சீனி போடாத பால்கோவாவில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகி, எட்டு ஆண்டுகளாக வீட்டின் பின்கட்டில் பால்கோவா கிண்டி விற்றுவருகிறார். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் பால், கூடமாட ஒரு உதவியாள், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று, உள்ளூரில் நல்ல பெயர் என்று தொழில் சீராகவே நடக்கிறது. "எங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, சீனி இல்லாமல் கிடைக்குமா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியதால், செயற்கை இனிப்பூட்டி சேர்த்து இரண்டு முறை கிண்டிப் பார்த்திருக்கிறார்.

முதல் முறை, சீனிக்குப் பதிலாகக் கரண்டிக்குக் கரண்டி போடலாம் என்று எழுதியிருந்த கடைப் பொடியைச் சேர்த்தார். 'சீனிதான் இல்லையே' என்ற தைரியத்தில் அவருடைய மாமியார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம், சாப்பிட்டிருக்கிறார். வழக்கமாக 180 அளவில் நிற்கும் அவருடைய இரத்தச் சர்க்கரை அன்று மீட்டரில் 260 காட்டியது. அந்தப் பொடி போலி என்று முடிவு செய்த வாசகி, ஒரு மொத்த வியாபாரியிடம் 'சுத்தமான சுக்ரலோஸ்' என்று சொல்லித் தந்த, மேலுறையில் ஒன்றும் அச்சிடாத பொட்டலத்தை வாங்கி, ஒரு கிலோ கோவாவுக்கு ஒரு தேக்கரண்டி போட்டார். நாக்கைவிட்டு அரைமணி நேரம் இனிப்புப் போகவில்லை. இதற்கிடையே மகன், 'இனிப்பூட்டிகள் புற்றுநோய் தரும்' என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வியாபாரியோ, வழக்கமான பால்கோவாவிலும் பாதிச் சீனியைக் குறைத்துச் சாக்கரின் என்ற இனிப்பூட்டியைப் போட்டால் செலவு மிச்சமாகும் என்கிறார். இவற்றில் எதை நம்புவது, எவ்வளவு போடுவது, டப்பாவில் 'சுகர் ஃப்ரீ, சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று அச்சிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் போலவே, போடும் பண்டத்தைச் 'சீனி' என்றும், இரத்தத்தில் ஏறுவதைச் 'சர்க்கரை' என்றும் நானும் எழுதுகிறேன். உங்கள் சிக்கலில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது என்பதால், தென்மாவட்டத்தாரின் இந்தச் சொற்பழக்கம் நமக்கு இங்கே நன்றாகவே உதவுகிறது. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், மருத்துவன் அல்ல. ஆகவே மாமியாரின் மாத்திரை அளவைப் பற்றி அவருடைய மருத்துவர்தான் பேச வேண்டும். மற்றவற்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை

கடைப் பொடி போலி என்று நீங்கள் எடுத்த முடிவு சரியல்ல. இவ்வகைப் பொடிகளில் இனிப்புத் தரும் சுக்ரலோஸ் சீனியைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பானது. அதைக் கரண்டியால் அளக்க வேண்டுமானால் வேறு ஏதாவது ஒரு பொடியில் கலந்து பெருக்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அந்த நிரப்பு மாவு மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருள். அது வேகமாகச் செரித்துக் குளுக்கோஸாக மாறும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பொடி எடையில் மிக லேசானது என்பதால், உங்கள் கிண்ணத்தில் அதன் பங்கு சிறியதாகவே இருந்திருக்கும்.

பெரும்பங்கு பாலுடையது. பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் 4.7 பங்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. ஒரு லிட்டர் பால் உங்கள் சட்டியில் 200 கிராம் கோவாவாக வற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. லிட்டரில் இருந்த ஏறத்தாழ 47 கிராம் லாக்டோஸ் அப்படியே அந்த 200 கிராமுக்குள் தங்கிவிடுகிறது. அதாவது நீங்கள் ஒரு சிட்டிகைச் சீனிகூடப் போடாமல் கிண்டினாலும், 100 கிராம் கோவாவில் 23 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. உங்கள் மாமியார் சாப்பிட்ட 150 கிராமில் அது 35 கிராம் ஆகிறது. லாக்டோஸ் சீனியைவிட மெதுவாக ஏறும் வகைதான் என்றாலும், சோற்றின் மேல் அவ்வளவு சாப்பிட்டால் மீட்டர் சும்மா இருக்காது.

சீனியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது?

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் தொழில் தெரிந்தவர்களே இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் வழக்கமான பக்குவத்தில் ஒரு லிட்டர் பாலுக்கு 100 கிராம் சீனி போடுகிறீர்கள். கிடைப்பது 300 கிராம் பால்கோவா. அதில் பாலின் கொழுப்பு சுமார் 40 கிராம், புரதம் 33 கிராம் அளவு, லாக்டோஸ் 47, சீனி 100. நூறு கிராமுக்கு வகுத்தால் கொழுப்பு 13 கிராம், சர்க்கரைகள் எல்லாம் சேர்த்து 49 கிராம், ஆற்றல் சுமார் 360 கலோரி.

இப்போது சீனியை எடுத்துவிட்டு இனிப்பூட்டி போடுங்கள். கிடைப்பது 200 கிராம்தான். அதே 40 கிராம் கொழுப்பு இப்போது 200 கிராமுக்குள் நெருங்குகிறது. நூறு கிராமுக்குக் கொழுப்பு 20 கிராம், லாக்டோஸ் 23 கிராம், ஆற்றல் சுமார் 340 கலோரி. மொத்தச் சர்க்கரை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்பது மெய்யான ஆதாயம். ஆனால் கலோரி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது, கொழுப்போ கூடிவிட்டது. 'சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று சொல்வதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. சின்னத் துண்டாக, எப்போதாவது, என்றால் சீனி போட்டதைவிட இது மேல். அதற்கு மேல் சொல்ல முடியாது.

வியாபாரத்திலும் இந்தக் கணக்கு உங்களைத் தொடும். பால்கோவாவில் சீனிதான் மலிவான எடை. அதை எடுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது, அந்த இடத்தைப் பால்தான் நிரப்ப வேண்டும். கிலோ விலையை ஒன்றரை மடங்காக்காமல் உங்களுக்குக் கட்டுபடி ஆகாது. இன்னொன்று, சீனி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமி வளர்வதைத் தடுக்கிறது; அது இல்லாத கோவா சீக்கிரம் கெடும். வழக்கமான டப்பாவில் போடும் கெடுதேதியை இதற்கும் போட்டுவிடாதீர்கள்.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றி

உங்கள் மகன் அனுப்பிய செய்தியில் ஒரு உண்மையும் பல தாவல்களும் இருக்கின்றன. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஒரு பொருளால் தீங்கு நேரக்கூடும் என்பதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது, எவ்வளவு சாப்பிட்டால் தீங்கு என்று சொல்வதில்லை. ஆசியப் பாரம்பரியக் காய்கறி ஊறுகாய்களும் அதே பிரிவில் இருக்கின்றன என்பதை உங்கள் மகனுக்கு எழுதலாம். அளவை ஆராயும் வேறொரு கூட்டு வல்லுநர் குழு அதே நாளில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. அந்த வரம்பைத் தாண்ட, 70 கிலோ எடையுள்ளவர் ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் குளிர்பானம் குடிக்க வேண்டியிருக்கும். எப்படியிருந்தாலும் நீங்கள் வாங்க நினைப்பது அஸ்பார்டேம் அல்ல.

சாக்கரின் கதை இதைவிடப் பழையது. 1879-இல் அமெரிக்காவில் நிலக்கரித் தார் ஆராய்ச்சியில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததாகத் தெரிந்ததால் 1977-இல் அங்கே தடைசெய்ய முனைந்தார்கள். தடைக்குப் பதிலாக எச்சரிக்கை வாசகம் வந்தது. அது எலியின் சிறுநீருக்கே உரிய இயல்பால் நேர்வது, மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிந்த பிறகு 2000-இல் அந்த வாசகமும் நீக்கப்பட்டது.

சுக்ரலோஸுக்கு உலக அளவிலான வல்லுநர் குழு வகுத்த வரம்பு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். விலங்குகளில் தீங்கு காணாத அளவை நூறால் வகுத்துக் கிடைத்த எண் அது. அமெரிக்கா இன்னும் கறாராக 5 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. நான் கீழே சொல்லும் அளவில் போட்டால், உங்கள் 50 கிராம் துண்டு ஒன்றில் 28 மில்லிகிராம் சுக்ரலோஸ் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவர் அமெரிக்க வரம்பைத் தொடவே ஒரு நாளில் அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதற்குள் பால்கொழுப்பு அவரைப் படுக்கவைத்துவிடும்.

ஆனால் முழுக்கக் கவலையில்லை என்றும் நான் எழுத மாட்டேன். சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது குளோரின் கலந்த வேண்டாத சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. எண்ணெயில் பொரிக்கும் அதிரசத்துக்கும் அடுப்பில் சுடும் ரொட்டிக்கும் இது நேரடியாகப் பொருந்தும். உங்களுக்கும் ஓரளவு பொருந்தும், அதைத் தவிர்க்க வழி உண்டு. மேலும், உடல் எடையைக் குறைக்கும் வழியாக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வொன்று உண்டு: காபி, தேநீரில் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்து 12 வாரம் குடித்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; எடை சற்றே குறைந்தது. கெடுதலும் இல்லை, அதிசயமும் இல்லை.

எதை, எவ்வளவு, எப்போது

இந்தியப் பாரம்பரிய இனிப்புகளில், அதாவது அல்வா, பேடா, பர்பி, குலாப் ஜாமூன் போன்ற பால் இனிப்பு வகைகளில், 2011-ஆம் ஆண்டின் உணவுச் சேர்பொருள் ஒழுங்குமுறை ஒவ்வோர் இனிப்பூட்டிக்கும் ஓர் உச்ச அளவை வைத்தது. ஒரு கிலோவுக்குச் சுக்ரலோஸ் 750 மில்லிகிராம், சாக்கரின் 500, அசிசல்ஃபேம் பொட்டாசியம் 500, அஸ்பார்டேம் 200. இந்த அட்டவணை அவ்வப்போது திருத்தப்படுவதால், தொடங்கும் முன் உங்கள் வட்டாரத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நடப்பு அளவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை நாக்கின் மொழிக்கு மாற்றினால் தெரிவு தானாகத் தெளிந்துவிடும். அஸ்பார்டேம் சீனியைவிட 200 மடங்கு இனிப்பு. 200 மில்லிகிராம் போட்டால் கிலோவுக்கு 40 கிராம் சீனியின் இனிப்புத்தான் வரும், அதுவும் கொதியில் சிதைந்துபோகும். சாக்கரினில் வரம்புக்குள் பாதி இனிப்பு கிடைக்கும், கூடவே கசப்பும் வரும். உங்கள் வழக்கமான இனிப்பு கிலோவுக்கு 333 கிராம் சீனி. அதை 600-ஆல் வகுத்தால் சுமார் 0.55 கிராம் சுக்ரலோஸ் போதும். தனியாகப் போடும்போது வரம்புக்குள் நிற்பதும் சுக்ரலோஸ் ஒன்றுதான்.

அரைக் கிராமைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. நீங்கள் போட்ட தேக்கரண்டி, பொடி உண்மையிலேயே சுத்தமானதாக இருந்தால், சுமார் 3 கிராம். அதாவது சட்ட வரம்பைப் போல நான்கு மடங்கு. பொன் நிறுக்கும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். 2 கிராம் பொடியைக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து மொத்தம் 40 மில்லியாக்குங்கள். இப்போது ஒவ்வொரு மில்லியிலும் 50 மில்லிகிராம் இருக்கும். பத்து லிட்டர் பாலில் கிடைக்கும் இரண்டு கிலோ கோவாவுக்கு 22 மில்லி கரைசல். எந்த நிலையிலும் 30 மில்லியைத் தாண்டக் கூடாது. கோவா திரண்டு பதம் வந்து, சட்டியை இறக்கிய பிறகு, கரைசலைத் தெளித்துக் கிளறுங்கள். மேலே ஈரம் இருக்கும்வரை கோவாவின் சூடு நூறை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் சட்டியின் அடி அப்படியல்ல. ஜெர்மன் எச்சரிக்கை உங்களைத் தொடக்கூடிய இடம் அந்த அடிதான்.

ருசி பார்த்து அளவு வைக்கும் பழக்கத்தை இந்த ஒரு பண்டத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். சுக்ரலோஸ் கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான் என்பது வேறு கதை: 1976-இல் லண்டன் ஆய்வகத்தில் பட்னிஸ் என்ற இந்திய ஆய்வாளரிடம் ஒரு சேர்மத்தைச் 'சோதித்துப் பார்' என்று சொன்னதை, அவர் 'சுவைத்துப் பார்' என்று கேட்டு நாக்கில் வைத்துவிட்டார். அவருக்கு நல்ல காலம் இருந்தது. உங்களுக்கு அடையாளமில்லாத பொட்டலம்தான் இருக்கிறது.

டப்பாவில் அச்சிடக்கூடியதும் கூடாததும்

'சுகர் ஃப்ரீ' என்று அச்சிடாதீர்கள். 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறையின்படி, 100 கிராமில் அரைக் கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத உணவுதான் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். உங்களுடையதில் 23 கிராம் இருக்கிறது. போடாத சீனியைக் குறித்து 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று சொல்லலாம். ஆனால் பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை இதில் உண்டு என்பதையும் உடன் சொல்ல வேண்டும். சீனிக்குப் பதிலாகப் பனங்கற்கண்டோ பேரீச்சையோ போட்டுவிட்டு அந்த வாசகத்தைப் பயன்படுத்தவும் வழியில்லை.

இனிப்பூட்டியின் பெயரும், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற அறிவிப்பும் உறையில் கட்டாயம். பள்ளி விழாவுக்கு இதே சரக்கைக் கொடுக்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதைக் கைவிடுங்கள். பதம் வருவதற்காகப் பிற்காலத்தில் மால்டிடால், சார்பிடால் போன்ற பாலியால்களை (சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்புப் பொருள்களை) சேர்த்தால், அவை வயிற்றை இளக்கலாம் என்ற வாசகமும் வேண்டும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்கவும் வேண்டும், படிப்பவர்கள் நம்மவர்கள்தானே. தட்டில் வைத்துச் சில்லறையாக விற்றாலும் எந்த நாள்வரை நல்லது என்பதைக் காட்டும் கடமை 2020 அக்டோபர் முதல் இருக்கிறது.

'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்ற வரி இதைவிட ஆபத்தானது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நோயைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு சொல் கூடினாலும், சர்க்கரை நோயைப் பெயர் சொல்லிப் பட்டியலில் வைத்திருக்கும் 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்துக்குள் போய்விடுவீர்கள். பக்கத்து ஊரின் புகழ்பெற்ற பெயரையும் டப்பாவில் போட வேண்டாம்; ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

வியாபாரியின் யோசனை

வழக்கமான பால்கோவாவில் சொல்லாமல் சாக்கரின் கலப்பது பற்றி நீங்கள் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் சரியானது. சாக்கரின் அனுமதிக்கப்பட்ட பொருள்தான் என்றாலும், உறையில் சொல்லாமல் கலந்தால் அது தவறான முத்திரையிட்ட உணவாகிவிடும். 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். தவிர, சீனி குறைந்தால் எடை குறையும் என்று மேலே கண்டோம். அந்த எடையை எதைக் கொண்டு நிரப்பச் சொல்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இனிப்பூட்டிப் பக்கமே போகாமல், லிட்டருக்கு 100 கிராம் சீனியை 40 கிராமாகக் குறைத்து, 20 கிராம் வில்லைகளாகக் கட்டி, சீனி அளவை உறையில் வெளிப்படையாக எழுதி, வாரத்தில் இரண்டு நாள் விற்றுப் பார்ப்பேன். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது அந்த ஒரு வாய்தான். இல்லை, இனிப்பூட்டிச் சரக்கேதான் வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால், தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிப் பதிவேடு வைத்து, முதல் சரக்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அவர்கள் தரும் சர்க்கரை, கொழுப்பு அளவுகளை உறையில் அச்சிட்ட பிறகே விற்பனைக்கு வாருங்கள்.

கடைசியாக அந்தப் பொட்டலம். உணவுத் தரச் சுக்ரலோஸ் என்றால் உறையில் அந்தப் பெயர், ஐ.என்.எஸ். 955 என்ற உணவுச் சேர்பொருள் எண், தயாரிப்பாளரின் உரிம எண், தொகுதி எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பொடி எதுவாகவும் இருக்கலாம். இந்தியாவில் அனுமதியில்லாத சைக்ளமேட் என்ற இனிப்பூட்டி கலந்ததாகவும் இருக்கலாம். பில்லைக் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள், பில் தர மறுத்தால் அந்த வியாபாரியை விடுங்கள். அதில் கிண்டிய ஒரு கிலோ இன்னும் குளிர்பதனப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீணாகிறதே என்று உதவியாளிடம் கொடுத்தனுப்பாமல், கொட்டிவிடுங்கள்.